தேயிலைச் சாயம் போட்ட பையை நம்பி விற்கலாமா?

ஹட்டன் பக்கமிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வீட்டில் மிஞ்சும் தேயிலைச் சக்கையை அவித்து, பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றி, தோள்பைகள் தைத்து விற்கிறார். படங்களையும் செய்முறையையும் எல்லோரும் பார்க்கப் போட்டிருந்தார். பாராட்டும் கிடைத்தது, ஓடரும் வந்தது. இப்போது வாங்கியவர்களில் ஒருவர் நாலு தரம் கழுவியதும் பை வெளுத்துவிட்டது என்கிறார். இன்னொருவர் பையில் கறுப்புப் புள்ளி விழுந்திருக்கிறது என்கிறார். "உப்பும் வினாகிரியும் போட்டுத்தானே அவித்தேன், இன்னும் எவ்வளவு போட வேண்டும்?" என்று கேட்கிறார். அளவைத்தான் கேட்டிருக்கிறார் என்றாலும், அவர் மனதில் இருப்பது அதைவிடப் பெரிய கேள்வி என்று நினைக்கிறேன். தேயிலை நிறம் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கக்கூடிய சாயம்தானா, இல்லை துணியில் பட்ட வெறும் கறையா? அதற்கே பதில் சொல்கிறேன்.

அது சாயம்தான். ஆனால் உப்பும் வினாகிரியும் அதைத் துணியில் நிறுத்தாது. அளவைக் கூட்டினாலும் நிறுத்தாது. நிறுத்துகிற வேலை பெரும்பாலும் தேயிலைத் தண்ணீரில் துணி இறங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். நான் நெசவாலைச் சாயக்கூடத்தில் பல வருடம் வேலை செய்தவள். இப்போது மலையகத்தில் பெண்கள் குழுக்களுக்கு இயற்கைச் சாயம் சொல்லிக்கொடுக்கிறேன். என் கை பழகியது பருத்தியிலும் பட்டிலும்தான். கம்பளி வேலை செய்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் தேயிலை ஏன் நிறம் தருகிறது என்று பார்த்துவிடுவோம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. பச்சைக் கொழுந்தின் உலர் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை பாலிஃபீனால்கள். ஃபெக்டரியில் வாட்டி உருட்டும்போது இலையின் கலங்கள் உடைந்து, உள்ளே இருக்கும் நொதியமும் காற்றும் சேர்ந்து அவற்றை மாற்றுகின்றன. தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்று இரண்டு வகைப் பொருள் உண்டாகிறது. கோப்பையில் நாம் பார்க்கும் செம்பு நிறம் அதுதான். இந்தக் குடும்பத்துக்குப் பொதுவாகத் தனின் என்று பெயர். தனினுக்குப் புரதத்தின் மேல் நல்ல பிடிப்பு. கடுஞ்சாயத் தேத்தண்ணி குடித்தால் நாக்கு இழுக்கிறதே, அது எச்சிலில் உள்ள புரதத்தைத் தனின் பிடிப்பதால் வருவது. பட்டும் கம்பளியும் புரத இழைகள், அதனால் அவற்றில் தேயிலை நன்றாகவே ஏறும். பருத்தியோ செல்லுலோசு. அதன் மேல் தனின் லேசாகத்தான் ஒட்டிக்கொள்ளும். பட்டுச் சேலையில் சிந்திய தேத்தண்ணி என்ன செய்தாலும் போகாமல் இருப்பதும், உங்கள் பருத்திப் பை வெளுப்பதும் இந்த ஒரே காரணத்தால்.

இப்போது உப்பும் வினாகிரியும். கடையில் பொட்டலமாக விற்கும் பருத்திச் சாயங்களுக்கு உப்பு உண்மையிலேயே தேவை. தண்ணீரில் பருத்திக்கும் அந்தச் சாயத்துக்கும் ஒரே வகை மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளலைக் குறைத்து, சாயத்தைத் துணியின் பக்கம் அனுப்பும். வினாகிரி போன்ற அமிலம் பட்டு, கம்பளிக்கான அமிலச் சாயங்களுக்கு வேண்டியது. இரண்டும் சரியான அறிவுரைதான், ஆனால் வேறு சாயங்களுக்கு உரியவை. வீடியோக்களில் கை மாறி மாறி வந்து தேயிலையோடும் ஒட்டிக்கொண்டன. வினாகிரி உங்களுக்கு என்ன செய்கிறது என்று பார்க்க, ஒரு கிளாஸ் சாயத் தேத்தண்ணியில் பாதித் தேசிக்காய் பிழிந்து பாருங்கள், நிறம் கண் முன்னே இளகும். வினாகிரி ஊற்றிய சட்டியிலும் அதேதான் நடக்கிறது. பிறகு வாங்கியவர் சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறார். சவர்க்காரம் காரம், அது நிறத்தை எதிர்ப் பக்கம் இழுக்கும். ஆகவே உங்களுக்கு வந்த முறைப்பாட்டில் ஒரு பங்கு சாயம் போனதாலும், இன்னொரு பங்கு அமிலத்தில் நின்ற நிறம் காரத்தில் மாறியதாலும் இருக்கலாம்.

இனி செய்ய வேண்டியது. கடையில் வாங்கும் புதுத் துணியில் கஞ்சிப் பசை இருக்கும், பருத்தியின் இயற்கை மெழுகும் இருக்கும். வெளுக்காத துணி என்றால் இன்னும் கூட. இவை இருக்கும் வரை சாயம் மேலோட்டமாகவே தங்கும். தண்ணீரில் நனைத்துப் பிழிந்தால் போதாது, அவிக்க வேண்டும். 1 கிலோ துணிக்கு 20 கிராம் சலவைச் சோடாவும் கொஞ்சம் சவர்க்காரமும் போட்டு, துணி தாராளமாகப் புரளும் அளவு தண்ணீரில் ஒரு மணித்தியாலம் அவியுங்கள். சுத்தம் என்று நினைத்த வெள்ளைத் துணியிலிருந்து மஞ்சளாக, சில நேரம் தேத்தண்ணி நிறத்திலேயே தண்ணீர் இறங்கும். நன்றாக அலசியபின், காய்ந்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு உருண்டு நிற்காமல் உடனே உள்ளே போனால் துணி தயார். நின்றால் இன்னொரு தரம் அவியுங்கள். என்னிடம் வரும் 'சாயம் நிற்கவில்லை' என்ற பிரச்சினைகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. சலிப்பான வேலைதான், படம் எடுத்துக் காட்டவும் ஒன்றுமில்லை. அதனால்தான் செய்முறைகளில் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சாயத்துக்குச் சக்கை போதும். ஒரு தரம் ஊற்றிய சக்கையில் இன்னும் தனின் மிச்சம் இருக்கும். புதுத் தூளை விட இரண்டு மூன்று மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். காயவைத்த சக்கை துணியின் எடைக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். ஒரு வீட்டில் அவ்வளவு சேர நாளாகும். தேத்தண்ணிக் கடையில் சொல்லிவைத்தால் சேர்த்துத் தருவார்கள். பால் சேர்த்துக் கொதிக்கவைத்த சக்கை வேண்டாம். பாலின் புரதம் தனினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நாற்றமும் வரும். ஃபெக்டரியில் கழித்துப் போடும் தேயிலை மலிவாகக் கிடைக்கிறதே என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கம் போக வேண்டாம். கழிவுத் தேயிலை நம் நாட்டில் சட்டக் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். அனுமதி இல்லாமல் வாங்கி வைத்திருப்பதே குற்றம்.

சக்கையை ஒரு மணித்தியாலம் அவித்து வடிகட்டி, ஈரத் துணியை அதில் இறக்கி, மெல்லிய சூட்டில் இன்னொரு மணித்தியாலம் வையுங்கள். இரவு முழுக்க அதிலேயே ஆறட்டும். நுவரெலியா போன்ற உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் நட்டம் இல்லை, சாறு இறங்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுத்தால் சரி. எடுத்த துணியை அலசாமல் காயவிடுங்கள். அப்புறம் 1 கிலோ துணிக்கு 100 கிராம் என்ற அளவில் சீனாக்காரத்தை (படிகாரம்) வெந்நீரில் கரைத்து, கை பொறுக்கும் சூட்டில் துணியைச் சில மணித்தியாலம் ஊறவையுங்கள். சீனாக்காரத்தில் உள்ள அலுமினியம் வெறும் பருத்தியில் சரியாக உட்காராது, தனின் ஏறிய பருத்தியில் உட்காரும். தனினும் அலுமினியமும் சேர்ந்தால் தண்ணீரில் கரையாத ஒரு பொருள் இழைக்குள் உண்டாகிறது. நீங்கள் தேடும் பிடிப்பு அதுதான். நிறம் கொஞ்சம் இளகி மஞ்சள் பக்கம் சாயும், பயப்பட வேண்டாம். அலசி, மறுபடி தேயிலைச் சாற்றில் இறக்குங்கள். ஒரே தரம் கடுமையாக ஏற்றுவதை விட, மெல்லிசாக இரண்டு மூன்று தரம் ஏற்றுவது சீராக வரும், நிற்கவும் நிற்கும்.

கறுப்பும் சாம்பலும் வேண்டுமென்றால் இரும்பு. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேளுங்கள். தேயிலை ஏறிய துணி அன்னபேதி கரைத்த தண்ணீரில் இறங்கியதும் சில நொடியில் மண்ணிறம் சாம்பலாகி, நீலம் கலந்த கறுப்பை நோக்கிப் போகும். முதல் தரம் பார்ப்பவர்கள் யாரும் கையை எடுக்க மாட்டார்கள், அவ்வளவு அழகு. பழைய காலத்து எழுத்து மையும் இதே வேலைதான், அங்கே தனின் மாசிக்காயிலிருந்து வந்தது. துணியில் ஓவியம் தீட்டும் கலம்காரிக்காரர்கள் இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் நாள்கணக்காகப் புளிக்கவைத்துக் கறுப்பு எடுப்பார்கள். நீங்கள் துருப்பிடித்த ஆணிகளும் கித்துள் கருப்பட்டியும் வைத்தே செய்து பார்க்கலாம். ஆனால் அளவு தவறக் கூடாது. அன்னபேதி 1 கிலோ துணிக்கு 10 கிராம், மிஞ்சினால் 20 கிராம், கால் மணித்தியாலம் போதும். இரும்பு கூடினால் பருத்தியை மெல்ல மெல்ல அரித்துவிடும். அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய சாயத் துணிகள் சிலவற்றில் சிவப்பும் மஞ்சளும் அப்படியே இருக்க, கறுப்புக் கோடு ஓடிய இடம் மட்டும் உதிர்ந்து ஓட்டையாகி இருக்கும். பாரம் தாங்கும் பட்டிக்கும் பையின் அடிப்பாகத்துக்கும் இரும்புக் கறுப்பு போட வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான். இன்னொன்று, அன்னபேதி சிறு பிள்ளைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பார்வைக்கு இளம்பச்சைக் கற்கண்டு மாதிரி இருக்கும். உயரத்தில், மூடி இறுக்கிய போத்தலில் வையுங்கள். சாயச் சட்டியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள். மிஞ்சிய தண்ணீரைத் தண்ணீர் பிடிக்கும் பீலிப் பக்கமோ ஓடையிலோ ஊற்றாதீர்கள்.

கறுப்புப் புள்ளிக்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று பூஞ்சணம், மற்றது இரும்பு. புள்ளியில் தேசிக்காய்ச் சாறு ஒரு சொட்டு விட்டுச் சிறிது நேரம் பொறுங்கள். இளகினால் இரும்பு, அப்படியே இருந்து, மணந்து பார்க்கும்போது மண் வாசம் வந்தால் பூஞ்சணம். இரும்பு என்றால் அது துருப்பிடித்த குழாய், வாளிக் கைப்பிடி, உலர்த்தும் கம்பி, பையில் தைத்த மலிவான கொக்கி இவற்றில் ஒன்றிலிருந்து வந்திருக்கும். உங்கள் தண்ணீரைச் சோதிக்க, அதில் ஒரு கிளாஸ் எடுத்துக் கடுஞ்சாயத் தேத்தண்ணி கொஞ்சம் ஊற்றுங்கள். கறுத்துப்போனால் அதில் இரும்பு இருக்கிறது. மலையகத்து ஊற்றுத் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர், தேயிலைச் சாயத்துக்கு நல்லது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புத் தண்ணீரில் இதே செய்முறை வேறு நிறம் தரும். அங்கிருந்து யாராவது உங்கள் செய்முறையைப் பார்த்துச் செய்து 'எனக்கு வரவில்லை' என்று எழுதினால் பிழை அவர்களுடையது அல்ல.

பூஞ்சணம் என்றால் பழி மழைமேல்தான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவத்தில் ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் துணி காயவே காயாது. அந்த நேரத்தில் பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் காய்ந்த காற்று அடிக்கும், அவர்களுக்கு ஈரம் வருவது வருடக் கடைசியில். தனின் ஏறிய ஈரத் துணி இரண்டு நாள் இஸ்தோப்பில் தொங்கினாலே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். அடுப்பங்கரையில் போட்டால் காயும், ஆனால் புகை ஏறி நிறமும் வாசமும் கெடும். மழை மாதங்களில் வெட்டுவதையும் தைப்பதையும் வைத்துக்கொண்டு, சாய வேலையை வெயில் மாதங்களுக்குத் தள்ளிவிடுவதே என் வழி. தைத்து முடித்த பையைப் பொலித்தீன் உறையில் அடைத்து அனுப்பும்போது மடிப்புக்குள் ஈரம் இருந்தால் வாங்கியவர் கையில்தான் புள்ளி வெளியே தெரியும். கடதாசியில் சுற்றி அனுப்புங்கள்.

இதுவரை சொன்னது வேதியியலாலும் அனுபவத்தாலும் உறுதியானது. இனி சொல்வது அவ்வளவு உறுதியில்லை. சாயத்துக்கு முன் துணியைச் சோயாப் பாலில் நனைத்துக் காயவைத்தால் நிறம் ஆழமாக வரும், பருத்தியின் மேல் ஒரு புரதப் படலம் கிடைப்பதால். ஆனால் அது கழுவும்போது எவ்வளவு நாள் தாங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. எனக்கே ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வருவதில்லை. சாயம் ஏற்றிய துணியைக் கழுவுமுன் சில வாரம் சும்மா வைத்தால் கூடுதலாக நிற்கும் என்று பலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன், ஆனால் அளந்து நிரூபித்தது இல்லை. டர்பன்டைன் மரம் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸ் இலை பட்டில் நல்ல செம்மஞ்சள் தரும், ஆனால் எல்லா வகையும் தராது. தோட்டத்தில் எந்த வகை நிற்கிறதோ அதை அவித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நுவரெலியா மரக்கறி மலிவாகக் கிடைக்கிறதே, பீட்ரூட்டில் சிவப்பு எடுக்கலாமா என்றும் அடிக்கடி கேட்பார்கள், நீங்களும் எழுத்தின் கடைசியில் தொட்டிருக்கிறீர்கள். வேண்டாம். முதல் நாள் கண்ணைப் பறிக்கும் அந்தச் சிவப்பு வெயிலிலும் சவர்க்காரத்திலும் போய்விடும், சீனாக்காரமும் காப்பாற்றாது. சிவப்புக் கோவாவும் (முட்டைக்கோஸ்) அப்படித்தான், மஞ்சள்தூள் கழுவலைத் தாங்கினாலும் வெயிலைத் தாங்காது. மஞ்சள் நிறம் வேண்டுமென்றால் பெரிய வெங்காயத் தோலும், பிக்குகளின் காவிக்குப் பரம்பரையாகப் பயன்பட்ட பலா மர வைரத்தின் (நடுக்கட்டையின்) தூளும் நம்பத்தகுந்தவை. மரம் அரியும் மில்லில் பலாத்தூள் கிடைக்கும்.

விற்பதற்கு முன் சோதனை. ஆலைகளில் இதற்கு ஐஎஸ்ஓ 105 என்ற தர வரிசை இருக்கிறது. கழுவலுக்கும் உரசலுக்கும் 1 முதல் 5 வரை, வெளிச்சத்துக்கு 1 முதல் 8 வரை மதிப்பெண். அந்த இயந்திரங்கள் இல்லாமலும் அதே எண்ணத்தை வீட்டில் செய்யலாம். ஒவ்வொரு தடவை சாயம் ஏற்றும்போதும் ஒரு சாண் துண்டைக் கூட அவித்து, மூன்றாக வெட்டுங்கள். ஒன்றைப் புத்தகத்துக்குள் வையுங்கள். இரண்டாவதில் வெள்ளைத் துணித் துண்டொன்றைச் சேர்த்துத் தைத்து, சாதாரணச் சவர்க்காரத்தில் பத்துத் தரம் கழுவுங்கள். நிறம் எவ்வளவு போனது, வெள்ளையில் எவ்வளவு ஏறியது, இரண்டும் தெரியும். மூன்றாவதின் பாதியைத் தடித்த மட்டையால் மூடி, வெயில் விழும் யன்னலில் ஒரு மாதம் ஒட்டுங்கள். கடல்மட்டத்திலிருந்து 1000 மீற்றர் ஏற ஏற ஊதாக்கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுவதால், நம் மலை வெயில் நல்ல கண்டிப்பான பரிசோதகர். பைக்கு இவை எல்லாவற்றையும் விட உரசல்தான் முக்கியம். ஈரக் கைலேஞ்சியைத் துணிமேல் அழுத்திப் பத்துத் தரம் தேய்த்துப் பாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையின் வெள்ளைச் சீருடையில் மழை நேரத்தில் அந்தப் பை உரசப் போகிறது. கைலேஞ்சியில் தெளிவாக நிறம் பட்டால் அந்தத் துணியைப் பையாக்காமல், சுவரில் தொங்கவிடும் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறையை எழுதிப் போடுவது நல்ல காரியம், நிறுத்த வேண்டாம். 'ஒரு பிடி', 'கொஞ்சம்' என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். துணியின் எடை, சக்கையின் எடை, நேரம், தண்ணீர் எங்கே எடுத்தது, சட்டி எவர்சில்வரா அலுமினியமா என்று எழுதினால்தான் பதுளையில் இருக்கும் ஒரு பெண் அதைத் திருப்பிச் செய்ய முடியும். கழுவிய பின் எடுத்த படத்தையும் சேர்த்துப் போடுங்கள். படத்தைப் பனிமூட்டமான காலையிலோ மஞ்சள் பல்ப் வெளிச்சத்திலோ எடுக்காமல், பகலில் நிழலில், பக்கத்தில் ஒரு வெள்ளைக் கடதாசி வைத்து எடுங்கள். மண்ணிறத்தைக் கமரா சிவப்பாகவோ சாம்பலாகவோ மாற்றிவிடும். கடதாசி வெள்ளையாகத் தெரிந்தால் துணியின் நிறத்தையும் நம்பலாம்.

ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு என் யோசனை இது. பைகளைத் திரும்ப வாங்கி, சோடாவில் அவித்து, சீனாக்காரமும் தேயிலையும் மறுபடி ஏற்றிக் கொடுங்கள். தைத்த பையிலும் இதைச் செய்யலாம், உள்துணி பொலியெஸ்டர் என்றால் அதில் நிறம் அவ்வளவாக ஏறாது, அவ்வளவுதான். பூஞ்சணப் புள்ளி பெரும்பாலும் போகாது. அந்தப் பையை, பட்டியையும் அடிப்பாகத்தையும் தவிர்த்து, அன்னபேதியில் ஒரு முக்கு முக்கிச் சாம்பலாக்கினால் புள்ளி அடங்கிவிடும், வாங்கியவர் சம்மதித்தால் மட்டும். இனிமேல் விற்கும் பைகளில் ஒரு சின்ன அட்டை கட்டுங்கள்: 'தேயிலைச் சாயம். முதல் சில கழுவலில் நிறம் சற்று இளகும். தனியாக, குளிர்ந்த தண்ணீரில், குறைந்த சவர்க்காரத்தில் கழுவவும். நிழலில் காயவிடவும். தேசிக்காய், புளி பட்டால் அந்த இடம் வெளுக்கும்.' இரும்பு சேர்த்த பை என்றால் அதையும் எழுதுங்கள். அந்த முதல் பைகளில் ஒன்றின் படத்தை, துணியின் பெயரோடு அனுப்பினால் புள்ளி எதனால் வந்தது என்று பார்த்துச் சொல்கிறேன்.